முப்பந்தலில் காற்றாடி சுத்துது, எங்க தெருவில் கரண்ட் இல்லை

மே 26, 2025, இரவு 10.40

கருங்கலில் இருந்து ஒருவர் கேட்டது: "ஆரல்வாய்மொழி வழியா பஸ்ஸில் போனால் இரண்டு பக்கமும் மின்சாரக் காற்றாடி. கோதையாற்றில் பவர்ஹவுஸ். கூப்பிடு தூரத்தில் கூடங்குளம். இத்தனை இருந்தும் ஒரு மழைக்கு ராத்திரி முழுக்க நமக்கு இருட்டு. ஆளாளுக்கு ஒரு பேட்டரி வாங்கி வைத்தால் தீருமா தீராதா?"

தீரும். வாங்குங்கள். எங்கள் வீடு கன்னியாகுமரி மாவட்டம் குலசேகரத்துக்கு மேலே, ரப்பர் விளைகளுக்கு நடுவில். இந்த வருஷம் மழை எட்டு நாள் முந்திக்கொண்டு மே 24-லேயே கேரளத்தில் இறங்கிவிட்டது. அன்றிலிருந்து இங்கே கரண்ட் வருவதும் போவதுமாக இருக்கிறது. இன்று சாயங்காலம் ஆறு மணிக்குப் போனது இன்னும் வரவில்லை. நான் பேன் போட்டு, ரூட்டர் ஓட, சாயா குடித்துக்கொண்டு இதைத் தட்டுகிறேன்.

என்னிடம் இருப்பது 3 கிலோவாட் சோலார், ஹைபிரிட் இன்வெர்ட்டர் (சோலார், பேட்டரி, கம்பத்துக் கரண்ட் மூன்றையும் சேர்த்து ஆள்வது), 51.2 வோல்ட் 100 ஆம்பியர்-மணி லித்தியம் பேட்டரி ஒன்று. பெருக்கிப் பார்த்தால் 5.12 யூனிட். 200 வாட் ஓட்டினால் 25 மணி நேரம் தாங்கும். வீட்டுக்கு ஒன்று வைத்துவிட்டால் கம்பத்தை அண்ணாந்து பார்க்கவே வேண்டாம்.

மே 27, மதியம்

25 மணி நேரம் என்று எழுதினேன். பதினாலரை மணி நேரத்தில் படுத்துவிட்டது. காலை எட்டரைக்குப் பேன் நின்று வீடே என்னைப் பார்த்தது. மழை இருட்டில் பேனல் பேருக்குத்தான் இருந்தது.

உட்கார்ந்து கணக்குப் பார்த்தேன். இன்வெர்ட்டர் சும்மா விழித்துக்கொண்டிருக்கவே 60 வாட் தின்கிறது. அதை நான் சேர்க்கவே இல்லை. ஆக 200 இல்லை, 260. பேட்டரியும் கடைசிச் சொட்டு வரை தராது. அடியில் 20 சதவீதம் வைத்துக்கொண்டு நிறுத்தும்படிதான் அமைத்திருக்கிறது, அப்போதுதான் ஆயுசு. எனவே கையில் வருவது 4.1 யூனிட். 4.1-ஐ 0.26-ஆல் வகுத்தால் 15.7 மணி நேரம். நேர் மின்சாரத்தை மாறு மின்சாரமாக்கும்போது போகும் சூடு மிச்சத்தை எடுத்துக்கொண்டது. தேங்காய் எடைக்கும் கொப்பரை எடைக்கும் உள்ள வித்தியாசம். பெட்டியில் அச்சடித்திருப்பது தேங்காய் எடை.

மே 27, இரவு

வந்துவிட்டது. எங்கள் டிரான்ஸ்பார்மருக்கு வருகிற 11 கே.வி. (11,000 வோல்ட்) லைனில் அயனி மரக் கொப்பு ஒன்று விழுந்து கிடந்ததாம். அவ்வளவுதான் காரணம்.

மே 29

கருங்கல்காரர் விடவில்லை. "காற்றாடி பற்றிக் கேட்டேனே" என்கிறார்.

மேலே சொன்ன அயனிக் கொப்புதான் பதில். ஆரல்வாய்மொழிப் பக்கத்து முப்பந்தல் வட்டாரத்தில் மட்டும் 1,500 மெகாவாட் அளவுக்குக் காற்றாலை நிற்கிறது. கோதையாறு முதல் பவர்ஹவுஸ் 60 மெகாவாட், இரண்டாவது 40. கூடங்குளத்தில் ஓடுகிற இரண்டு உலையும் ஆயிரம் ஆயிரம். நமக்கு உற்பத்திப் பஞ்சம் இல்லை. உற்பத்தி பெரிய கோபுரங்களில் ஏறி எங்கேயோ போய், இறங்கி, துணைமின் நிலையம் வந்து, அங்கிருந்து ரப்பருக்கும் தென்னைக்கும் நடுவே இரண்டு மூன்று மைல் நெளிந்து நம் டிரான்ஸ்பார்மருக்கு வருகிறது. இருட்டு பிறப்பது அந்தக் கடைசி இரண்டு மைலில். அதற்கு அந்தப் பக்கம் எத்தனை காற்றாடி சுற்றினாலும் கொப்புக்கு இந்தப் பக்கம் இருப்பவனுக்கு ஒன்றும் இல்லை.

"அப்போ காற்றாடியில் இருந்து நேரே ஒரு வயர் இழுத்தால்?" அதுவும் ஆகாது. நான் சின்ன வயசில் கோயில் கொடைத் திருவிழாவில் வில்லுப்பாட்டு கேட்டு வளர்ந்தவன், எனக்கு அப்படிச் சொன்னால்தான் புரியும். புலவர் வீசுகோலால் வில்லைத் தட்டுகிறார். குடம், உடுக்கை, ஜால்ரா எல்லாம் அந்தத் தட்டைக் கேட்டுச் சேர்ந்துகொள்கின்றன. நம் மின்கட்டமைப்பில் அந்தத் தட்டு வினாடிக்கு 50. பெரிய நிலையங்களின் சுழலும் எந்திரங்கள்தான் தட்டுகின்றன. பழைய காற்றாடிகளும், மாடியில் வைக்கிற சாதாரண சோலார் இன்வெர்ட்டரும் ஜால்ராக்காரர்கள். தட்டு நின்றால் தாமும் நின்றுவிடும், தானாகப் பாடத் தெரியாது. தெருவுக்கென்று தனிக் கச்சேரி நடத்த வேண்டுமானால் தட்டுகிறவன் ஒருவன் தெருவிலேயே வேண்டும். பேட்டரியோடு சேர்ந்த, தானே 50-ஐப் பிடித்து நிற்கத் தெரிந்த இன்வெர்ட்டர்தான் அந்தப் புலவர். மைக்ரோகிரிட் என்று சொல்வதில் முக்கால்வாசி இதுதான்: வெளித் தட்டு நின்றதும் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே கச்சேரியைத் தொடர்வது.

ஒரு கொசுறு. 2012 ஜூலை 30, 31-ல் வட இந்தியா அடுத்தடுத்து இருண்டபோது நாம் தப்பினோம், காரணம் அப்போது தெற்கு தனித் தாளத்தில் இருந்தது. 2013 டிசம்பர் 31-ல் ராய்ச்சூர்–சோலாப்பூர் லைன் இணைந்த பிறகுதான் நாடு முழுக்க ஒரே தட்டு.

ஜூன் 2

குளச்சல் அண்ணன் கோபத்தில் இருக்கிறார். மாடி முழுக்க சோலார், மானியம் 78,000 வாங்கி வைத்தது, நடு மத்தியானம் சூரியன் மண்டையைப் பிளக்கும்போதும் கரண்ட் போனால் வீட்டில் பேன் ஓடவில்லை. ஏமாற்றிவிட்டார்களா என்கிறார்.

இல்லை அண்ணே. உங்களுடையது ஜால்ரா வகை. வேண்டுமென்றேதான் அப்படி வைத்திருக்கிறார்கள். லைன் செத்துக் கிடக்கிறது என்று நம்பி லைன்மேன் கம்பத்தில் ஏறுகிறார். அந்த நேரம் உங்கள் மாடி 230 வோல்ட்டை வெளியே தள்ளினால் டிரான்ஸ்பார்மர் அதைத் தலைகீழாக 11,000 ஆக்கி மேலே அனுப்பும். அதனால் வெளியே கரண்ட் இல்லை என்றதும் இன்வெர்ட்டர் கையைக் கட்டிக்கொள்ள வேண்டும் என்பது விதி. பேட்டரியும் ஹைபிரிட் இன்வெர்ட்டரும் இருந்தால் கம்பத்துப் பக்கத்தை வெட்டிவிட்டு வீட்டுக்கு மட்டும் ஓடும். 2024 பிப்ரவரியில் வந்த, மத்திய அரசின் மாடிச் சோலார் மானியத் திட்டமான சூர்யா கரின் 78,000 மூன்று கிலோவாட் பேனலுக்கான உச்ச மானியம். பேட்டரிக்கு அதில் காசு இல்லை. விற்கிறவர்கள் இதை முதலிலேயே வாய் திறந்து சொல்வதில்லை, எனக்கும் சொல்லவில்லை.

ஏப்ரல் 28-ல் ஸ்பெயினும் போர்ச்சுகலும் ஒரே அடியாக அணைந்தபோது அங்கே மாடியில் சோலார் வைத்திருந்த எத்தனையோ பேர் உங்களைப் போலத்தான் வெயிலில் இருட்டில் இருந்தார்கள்.

ஜூன் 3

"வெயிலில் இருட்டில்" என்று எழுதியதற்கு மூன்று பேர் சிரித்துவிட்டார்கள். சரி, அது அப்படியே இருக்கட்டும்.

ஜூன் 11

ஒக்கி புயல் பற்றிப் பேச்சு வந்தது. நானும் சொல்லிவிடுகிறேன். கடலில் போனவர்கள் வருவார்களா என்று தூத்தூரிலும் வள்ளவிளையிலும் கரையில் நின்றவர்கள் முன்னால் கரண்ட் கஷ்டம் பேசவே கூச்சம். ஆனாலும் பேட்டரி ஆசை எனக்கு அங்கேதான் தொடங்கியது.

2017 நவம்பர் 30. காலையில் காற்று எழும்பியபோது ரப்பர் மரங்கள் முறிகிற சத்தம் படபடவென்று வெடி மாதிரி கேட்டது. மத்தியானம் வெளியே வந்தால் விளையும் ரோடும் ஒன்றாகக் கிடக்கிறது, போஸ்ட்கள் மரத்துக்கு அடியில். மாவட்டத்தில் ஆயிரக்கணக்கான கம்பங்கள் போய்விட்டன. வெளி மாவட்டங்களில் இருந்து ஆட்கள் வந்து நட்டார்கள். எங்களுக்குப் பதினோராம் நாள் வந்தது.

என் கூடப்பிறந்த அண்ணன் அப்போது உயிரோடு இருந்தார். அவருக்கு இன்சுலின். பிரிட்ஜ் இரண்டாம் நாளே வெறும் அலமாரி. அவர் மனைவி, எங்கள் மயினி, மண்பானையில் பாதி தண்ணீர் விட்டு, உள்ளே எவர்சில்வர் டம்ளரை மிதக்க வைத்து, அதற்குள் மருந்துப் புட்டியை வைத்து, பானையைச் சுற்றி ஈரத் துவர்த்துத் துண்டைக் கட்டினாள். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை துவர்த்தை நனைப்பாள், ராத்திரியும். கிணற்றில் மோட்டாரை நம்பிக் கயிற்றையும் உருளையையும் எப்போதோ கழற்றிப் போட்டிருந்தோம். அதைத் தட்டுபெரையில் தேடி எடுக்கவே அரை நாள். டவரெல்லாம் செத்து போன் பேச வழியில்லை. பிறகு டவர் வந்தும் போனில் சார்ஜ் இல்லை. சந்திப்பில் ஒருத்தர் ஜெனரேட்டர் வைத்து ஒரு போனுக்கு இருபது ரூபாய் வாங்கினார். நான் திட்டிக்கொண்டே கொடுத்தேன். டீசலுக்கு அவர் எத்தனை மைல் போனார் என்பது பிறகுதான் தெரிந்தது.

பல வருஷம் கழித்துத்தான் இன்னொன்று தெரிந்தது. நாங்கள் இருட்டில் உட்கார்ந்த இரண்டாம் நாள், டிசம்பர் 1, 2017 அன்றுதான் தெற்கு ஆஸ்திரேலியாவில் ஹார்ன்ஸ்டேலில் அந்தப் பெரிய பேட்டரியை இயக்கி வைத்தார்கள். 100 மெகாவாட், 129 மெகாவாட்-மணி (1,29,000 யூனிட்). முந்தின வருஷம் செப்டம்பரில் புயலில் மாநிலமே இருண்டதன் விளைவு அது. ஒப்பந்தம் ஆகி நூறு நாளில் முடிக்காவிட்டால் இலவசம் என்று டெஸ்லா கம்பெனிக்காரர் இலான் மஸ்க் சவால்விட்டு, முடித்தும் விட்டார்.

ஜூன் 12

நேற்று எழுதியதில் ஒரு குழப்பம் இருக்கிறது, நானே கிளப்பியது. ஹார்ன்ஸ்டேல் பேட்டரி மாதிரி ஒன்று இங்கே இருந்திருந்தால் ஒக்கியில் எங்கள் வீட்டில் விளக்கு எரிந்திருக்குமா? எரிந்திருக்காது. அது செய்வது தாளம் காப்பது. இயக்கிய இரண்டு வாரத்தில் எங்கேயோ ஒரு பெரிய நிலக்கரி எந்திரம் திடீரென்று நின்றபோது கண்ணிமைக்கும் நேரத்தில் மின்சாரத்தைத் தள்ளி 50 விழாமல் தாங்கிக்கொடுத்தது. கம்பமே கிடையாது என்கிற ஊருக்கு அதனால் ஒரு பிரயோசனமும் இல்லை. முப்பந்தலுக்கு அப்படி ஒன்று நல்லதுதான். ஆடிக் காற்று நடு ராத்திரியில் வாங்க ஆளில்லாமல் வீசும்போது சில நேரம் காற்றாடியை நிறுத்தச் சொல்கிறார்கள், அதையாவது பிடித்து வைக்கலாம். ஆனால் அது அவர்கள் பிரச்சினை. நம்முடையது கொப்பு.

ஜூன் 30

"லித்தியம் வாங்கணுமா, பழைய ட்யூபுலர் போதுமா?" இதையே நாலு பேர் கேட்டாயிற்று.

பத்து வருஷம் ட்யூபுலர், அதாவது காரீய அமில பேட்டரி, வைத்திருந்தவன் நான். 150 ஆம்பியர்-மணி இரண்டு. கணக்குக்கு 3.6 யூனிட், ஆனால் பாதிக்கு மேல் எடுத்தால் சீக்கிரம் சாகும், ஆக 1.8. மாதம் ஒருமுறை மூடி திறந்து டிஸ்டில்ட் வாட்டர் ஊற்ற வேண்டும். மச்சான் ஒருமுறை "நம்ம கிணத்துத் தண்ணி கல்கண்டு மாதிரி இருக்குமே" என்று கிணற்றுத் தண்ணீரை ஊற்றினார். ஆறு மாதத்தில் பேட்டரிக்குப் பதினாறு. ஷீட் போட்ட தட்டுபெரையில் வைத்ததும் தப்பு. 25 டிகிரிக்கு மேலே ஒவ்வொரு பத்து டிகிரிக்கும் காரீய அமில பேட்டரியின் ஆயுசு ஏறத்தாழ பாதியாகும்.

லித்தியத்தில் இரும்பு பாஸ்பேட் வகையை மட்டும் வாங்குங்கள். ஒரு செல் 3.2 வோல்ட், பதினாறு சேர்ந்தால் 51.2, ஸ்டிக்கரில் அந்த எண் இருந்தால் அநேகமாக அதுதான். கைபேசியில் இருக்கிற வகையைவிடச் சூட்டைத் தாங்கும், மூவாயிரம் தடவைக்கு மேல் ஏற்றி இறக்கலாம். எனக்கு 98,000 ஆனது. 2024-ல் லித்தியம் பேட்டரியின் உலகச் சராசரி விலை ஒரு யூனிட் கொள்ளளவுக்கு 115 டாலர் என்று வாசித்தபோது வயிறு எரிந்தது, நான் கொடுத்தது கிட்டத்தட்ட இரண்டு மடங்கு.

ஒரு விஷயத்தில் பழையது ஜெயித்தது. கிணற்று மோட்டார், ஒரு குதிரைத்திறன். ஓடும்போது ஆயிரம் வாட்தான், கிளம்பும்போது அதைப்போல ஐந்தாறு மடங்கு இழுக்கும். ட்யூபுலர் முனகிக்கொண்டே தள்ளிவிடும். லித்தியம் வந்த முதல் வாரம் சுவிட்சைத் தட்டினேன். டக். பேட்டரிக்குள் இருக்கிற காவல் சர்க்யூட் பலகை முகத்திலடித்த மாதிரி வெட்டிவிட்டது.

குளச்சல் அண்ணனுக்குத் தனியாக: கடலோரத்தில் பேட்டரி முனைகளில் கிரீஸ் தடவுங்கள், பேனல் கிளாம்பை வருஷம் ஒருமுறை கையால் ஆட்டிப் பாருங்கள். உப்புக்காற்று மேலே பளபளவென்று விட்டுவிட்டு உள்ளே தின்னும்.

ஜூலை 1

திருத்தம். மோட்டாரின்போது வெட்டியது பேட்டரி இல்லை, இன்வெர்ட்டர். திரையில் ஓவர்லோடு என்று எழுதியிருந்ததை அன்றே போட்டோ எடுத்திருக்கிறேன். இத்தனை நாளும் பேட்டரியைத் திட்டிக்கொண்டிருந்தேன். பழைய இன்வெர்ட்டரில் கனமான தாமிர டிரான்ஸ்பார்மர் இருந்தது, அதுதான் முனகியது. ஆக காரீயமா லித்தியமா என்ற கேள்வியே அங்கே இல்லை. இப்போது மோட்டாரை பேட்டரியில் போடுவதே கிடையாது. கம்பத்துக் கரண்ட் இருக்கும்போது தொட்டியை நிரப்பி வைப்பதோடு சரி. தண்ணீர்த் தொட்டியும் ஒரு பேட்டரிதானே.

ஜூலை 13

சொல்லலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். மே மாதத்துக்குப் பிறகு எங்கள் வீட்டுப் பேட்டரி எங்கள் வீட்டுக்கு மட்டும் ஓடவில்லை.

எங்கள் வீடு, மயினி வீடு, தங்கச்சி வீடு. மூன்றும் அப்பா வைத்துப்போன ஒரே புரையிடத்தில் (வீட்டுமனையில்), வேலி கூட ஒழுங்காகக் கிடையாது. மே 26 ராத்திரி நான் பேன் காற்றில் உட்கார்ந்து இங்கே பெருமை அடித்துக்கொண்டிருந்தபோது மயினி திண்ணையில் விசிறிக்கொண்டிருந்திருக்கிறாள். மறுநாள் ஒன்றும் சொல்லவில்லை. "உனக்கு லைட்டு எரிஞ்சுதே, நான் பாத்தேன்" என்று மட்டும் சொன்னாள். அது போதுமே.

ஆகவே கேபிள் இழுத்தேன். ஒவ்வொரு வீட்டிலும் இரண்டு பேன், நாலு விளக்கு, பிரிட்ஜ், இவற்றை மட்டும் தனி லைனில் பிரித்து பேட்டரிப் பக்கம் கொண்டுவந்தேன். பேன்களை கரண்ட் குறைவாகத் தின்னும் பி.எல்.டி.சி. ரகமாக மாற்றினோம். பழையது 75 வாட், இது 28. பேட்டரியில் பணம் போடுவதற்கு முன்னால் செய்திருக்க வேண்டிய வேலை.

முதல் சோதனை ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. கரண்ட் போனது. மூன்று வீடும் எரிந்தது. எனக்கு வந்த பெருமையைச் சொல்லி முடியாது. பத்து நிமிஷத்தில் மூன்றும் அணைந்தது. அண்ணன் மகன் சர்ச்சுக்குப் போக சட்டை தேய்த்திருக்கிறான். ஆயிரம் வாட் இஸ்திரிப் பெட்டி, அதே நேரம் தங்கச்சி வீட்டு பிரிட்ஜ் பிளக்கிலேயே எக்ஸ்டென்ஷன் போட்டு மச்சான் அரிசி ஊறப்போட்டதை கிரைண்டரில் ஆட்டுகிறார். என் வீட்டுக்காரி சும்மா இருந்தாளா என்று கேட்காதீர்கள், மிக்ஸி.

"சித்தப்பா, ஒரே ஒரு சட்டைதான்" என்றான். ஒரு சட்டைக்கு மூன்று வீடு.

பெரிய இடங்களில் இதற்குத்தான் ஸ்மார்ட் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு வீட்டு மீட்டரும் நடுவில் இருக்கிற கணினியோடு பேசும். பேட்டரி குறையக் குறைய எந்த வீட்டுக்கு எவ்வளவு என்று அது அளந்து விடும், மீறுகிறவரை மட்டும் கொஞ்ச நேரம் வெட்டும், மற்றவர் வெளிச்சத்தில் கை வைக்காது. என் ஸ்மார்ட் கிரிட் குலசேகரத்துக் கடையில் வாங்கியது. வீட்டுக்கு ஒரு 2 ஆம்பியர் எம்.சி.பி., அதாவது அளவு மீறினால் தானாக விழும் சுவிட்ச். 460 வாட்டுக்கு மேலே இழுத்தால் அந்த வீடு மட்டும் விழும். உடனே விழாது, கொஞ்சம் சூடாகி யோசித்துத்தான் விழும், அதற்குள் காலரை மட்டும் தேய்த்துவிடலாம் என்று அவன் கண்டுபிடித்துவிட்டான்.

ஜூலை 14

சட்டப்படி சரியா என்று கேட்டிருக்கிறார்கள். அடுத்தவருக்குக் கரண்ட் விற்கக் கூடாது, நான் விற்கவில்லை. ஒரே குடும்பம், ஒரே புரையிடம். ஆனாலும் இதைப் பார்த்து தெருவைத் தாண்டி வயர் இழுத்து வைக்காதீர்கள். மூன்று வீட்டிலும் அந்தத் தனி லைனுக்கும் ஈ.பி. லைனுக்கும் எந்த இடத்திலும் தொடர்பு கிடையாது, லைசென்ஸ் உள்ள வயர்மேன் வந்து நியூட்ரலைக்கூட பிரித்துக் கொடுத்தார். இரண்டு நாள் கூலி. அதில் மிச்சம் பிடித்தால் கம்பத்தில் ஏறுகிறவன் உயிர்.

ஆகஸ்ட் 5

மே 26-ல் "வீட்டுக்கு ஒன்று வாங்குங்கள்" என்று எழுதியவன் இப்போது அதைத் திரும்ப எடுத்துக்கொள்கிறான்.

எங்கள் டிரான்ஸ்பார்மர் 100 கே.வி.ஏ. நடந்து எண்ணினேன். 62 வீடு, ஒரு மாவு மில், ஒரு சர்ச். பக்கத்துக்கு ஒரு நாய். ஒரு வீட்டுக்கு அவசியமானது சராசரி 150 வாட் என்று வைத்தால் 9.3 கிலோவாட். எட்டு மணி நேரத்துக்கு 74 யூனிட். அடியில் 20 சதவீதம் விட்டால் 93. என் வீட்டில் இருக்கிற பெட்டி பத்தொன்பது போதும். வீட்டுக்கு ஒன்று என்றால் 62. எட்டு மணி நேரம் கொப்பு வெட்டி முடிக்கத் தாராளம். ஒக்கிக்குப் போதாது, ஒக்கிக்கு எதுவுமே போதாது.

கருங்கல்காரர் கேட்டதற்கு என் பதில் இனி இதுதான்: பேட்டரி இருக்க வேண்டிய இடம் டிரான்ஸ்பார்மரின் அடி. கொப்பு பெரும்பாலும் அதற்கு முந்தின 11 கே.வி. லைனில்தான் விழுகிறது.

செய்த ஊர்களும் உண்டு. குஜராத்தில் மோதேரா, 2022 அக்டோபரில் முழுநேர சோலார் கிராமம் என்று அறிவித்தார்கள், 6 மெகாவாட் பேனல், 15 மெகாவாட்-மணி பேட்டரி. அதைச் சொல்லும்போது பீகாரின் தர்ணை கிராமத்தையும் சொல்ல வேண்டும். ஊருக்கு மின்சாரமே இல்லாத நிலையில் 2014-ல் 100 கிலோவாட் சோலார் மைக்ரோகிரிட் போட்டார்கள், ஊரே கொண்டாடியது. கொஞ்ச நாளில் அரசின் லைன் விலை குறைவாக வந்தது. மூன்று வருஷத்தில் பேட்டரிகள் ஓய்ந்தன, மாற்றக் காசு சேர்த்து வைத்தவர் இல்லை. கடைசியில் அந்தக் கட்டடத்தில் மாடு கட்டினார்கள். பேனல் இருபத்தைந்து வருஷம் ஓடும், பேட்டரி ஓடாது. அடுத்த பேட்டரிக்கு முதல் மாதத்திலிருந்தே உண்டியல் வேண்டும்.

இங்கே உண்டியல் யார் வைப்பது? கொடைக்கு வரி பிரிக்கத் தெரிந்த ஊர் நம்முடையது, சர்ச் திருவிழாவுக்கும் பிரிக்கத் தெரியும். ஆனால் கொடைக்குத் தராதவன் பெயர் நோட்டீசில் வராது, அவ்வளவுதான். பேட்டரிக்குத் தராதவன் வீட்டில் மட்டும் ராத்திரி விளக்கை அணைக்க எந்த ஊர் கமிட்டிக்கும் தைரியம் வராது. கோவை மாவட்டம் ஓடந்துறை ஊராட்சி 2006-ல் சொந்தமாக 350 கிலோவாட் காற்றாலை வைத்து கரண்ட் விற்றது. ஒரு ஊராட்சியால் முடியும் என்பதற்கு அது போதும். ஆனால் அவர்கள் மொத்தமாக லைனுக்குத்தான் விற்றார்கள். மச்சானின் கிரைண்டரோடு மல்லுக்கட்டவில்லை.

ஆகஸ்ட் 6

கணக்கில் ஓட்டை, நாகர்கோவிலில் இருந்து ஒரு சார் பிடித்துவிட்டார். 9.3 கிலோவாட் சராசரி, சரி. ஆனால் சாயங்காலம் ஏழு மணிக்கு எல்லார் வீட்டு விளக்கும் டி.வி.யும் ஒன்றாக எரியும், பிரிட்ஜெல்லாம் கரண்ட் போய் வந்ததும் ஒன்றாகக் கிளம்பும். அதைத் தாங்க இன்வெர்ட்டர் 25 கிலோவாட்டாவது வேண்டும் என்கிறார். யூனிட்டை மட்டும் எண்ணினேன், உச்சத்தை எண்ணவில்லை. மோட்டாரில் பட்ட அதே அடி, ஊர் அளவில். இரண்டு மாதத்தில் ஒரே குழியில் இரண்டு தடவை.

செப்டம்பர் 9

சோடியம் பேட்டரி வரப்போகிறதே, உப்பிலிருந்து செய்வதாமே, நம்ம மாவட்டத்துப் புத்தளம் உப்பளக்காரர்கள் இனி அம்பானியா என்று ஒருவர். ஆகட்டும். அதுவரை மழைக்காலத்துக்கு முன்னால் லைன் ஓரத்து மரக் கொப்பைக் கழிக்க வருகிறவர்களோடு சண்டை போடாமல் இருங்கள். போன வாரம் எங்கள் பலாக் கொப்பை வெட்ட வந்தவர்களிடம் மயினி ஒரு மணி நேரம் வாதாடினாள். பலா தோற்றது. மூன்று வீட்டுக்கும் இந்த வருஷத்தில் அதுதான் மிகச் சிறந்த மின் முதலீடு, நான் இதை அவளிடம் சொல்லவில்லை.

அக்டோபர் 19

நேற்று ராத்திரி பதினோரு மணிக்குக் காற்றும் மழையும். போயிற்று. எங்கள் மூன்று வீடும் எரிந்தது, மீதித் தெரு கறுப்பு.

ஒன்றேகாலுக்கு வாசலில் பைக் சத்தம். எங்கள் லைன்மேன், தலையில் டார்ச், மழைக் கோட்டிலிருந்து தண்ணீர் வடிகிறது. உள்ளே வரவில்லை. ஓடுகிற பேனையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"அண்ணே, தெருவே செத்துக் கிடக்கு. இங்க மட்டும் எப்படி?"

பேட்டரி, மூன்று வீட்டுக்கும் தனி லைன், நியூட்ரல்கூட தனி, வயர்மேன் பார்த்துச் செய்தது என்று நான் வகுப்பெடுக்கத் தொடங்கினேன். இங்கே எழுதிய எல்லாவற்றையும் சொன்னேன் என்று நினைக்கிறேன். வில்லுப்பாட்டு வரைக்கும் போனேன்.

"எல்லாம் சரிண்ணே. பியூஸ் கட்டையைப் பிடுங்கித் தாங்க."

மீட்டர் பக்கத்துக் கட்டையைப் பிடுங்கிக் கொடுத்தேன். மயினி வீட்டிலும் தங்கச்சி வீட்டிலும் அவரே டார்ச் அடித்துப் பிடுங்கினார். வெள்ளைப் பீங்கான் கட்டைகளைத் துண்டால் துடைத்து, கோட்டுக்குள் கைவிட்டுச் சட்டைப் பையில் போட்டார். பிறகு லைனைத் துண்டிக்கும் ஏ.பி. சுவிட்சை இறக்கி, தப்பி வரும் கரண்டை மண்ணுக்கு இறக்கும் எர்த் ராடை லைனில் மாட்டி, அதன் பிறகுதான் ஏறினார். மேலே இருபது நிமிஷம். லைனை இணைக்கும் ஜம்பர் வயர் எரிந்து தொங்கியிருக்கிறது. அவர் இறங்கி சுவிட்சைத் தூக்கியதும் தெரு முழுக்க ஒரே நேரத்தில் விளக்கு. அவர் போன் அடித்தது, அடுத்த இடம் திற்பரப்புப் பக்கமாம், பைக்கை உதைத்துப் போய்விட்டார்.

சட்டைப் பையோடு.

ஊரெல்லாம் கரண்ட் இருக்க எங்கள் மூன்று வீடு மட்டும் பேட்டரியில். 41 சதவீதம். மயினி ஜன்னலில் நின்று கூப்பிடுகிறாள்: "எடே, தெரு முழுக்க வந்துட்டு. நமக்கு மட்டும் வரல்லியே, உன் பேட்டரி பிடிச்சு வச்சிருக்கா?"

விடிந்ததும் அவர் வீட்டுக்குப் போனேன். தூங்கிக்கொண்டிருந்தார், அவர் மனைவி சாயா தந்து ஆணியில் தொங்கிய சட்டையில் இருந்து எடுத்துக் கொடுத்தாள். வீட்டுக்கு வந்து எண்ணினால் நாலு கட்டை இருக்கிறது. மூன்றை மாட்டியாயிற்று. நாலாவது யாருடையது என்று அவரிடம் போனில் கேட்டேன், அவருக்கும் ஞாபகம் இல்லை. குலசேகரத்துக்கும் திற்பரப்புக்கும் நடுவில் யாருக்காவது நாளை தீபாவளிக்குக் கரண்ட் வராமல் இருந்தால் சொல்லுங்கள், என் மேசை மேல்தான் இருக்கிறது.